நீலத் தடமும் பச்சைத் தடமும்

மூளையின் குறுக்குவெட்டுப் படங்கள் கைரியாவுக்கு மனப்பாடம். ஆனால் அவள் மருத்துவம் படித்தவள் அல்ல. பாக்தாதில் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருபத்திரண்டு வருடமாகப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி அடுக்குகிறவள். நாட்டின் மீது பொருளாதாரத் தடை வந்த வருடத்தோடு வெளிநாட்டுப் புத்தகங்கள் வருவது நின்றுபோயிற்று. அலமாரியில் இருந்த நரம்பியல் நூல்களெல்லாம் கை பட்டுப் பட்டு அட்டை உதிர்ந்து கிடந்தன.

அப்போதுதான் நரம்பியல் பேராசிரியர் டாக்டர் நிஸார் அம்மானுக்குப் போன இடத்தில் ஒரு பெரிய நூலை வாங்கி, பதினான்கு மணி நேரம் சாலையில் மடியில் வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். ஆயிரத்து இருநூறு பக்கம். கல்லூரிக்கே அந்த ஒரு பிரதிதான். முதுகை அறுத்துப் பக்கங்களைப் பிரித்து ஜெராக்ஸ் எடுத்தார்கள். எழுத்து தெளிவாகவே வந்தது. படங்கள்தான் பாழ். மூலத்தில் கை காலை அசைக்கும் தடம் சிவப்பு, வலியைக் கொண்டுபோகும் தடம் நீலம், தொடு உணர்வின் தடம் பச்சை. ஜெராக்ஸில் மூன்றும் ஒரே சாம்பல்.

"இதைப் பார்த்து எவன் படிப்பான்?" என்றார் நிஸார், தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"வேணும்னா நான் கலர் அடிச்சுத் தர்றேன் டாக்டர்" என்று கைரியா சொல்லிவிட்டாள். ஏன் சொன்னோம் என்று பிறகு பல தடவை நினைத்ததுண்டு. அக்கா பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் மிச்சம் வைத்த கலர் பென்சில் துண்டுகள் வீட்டில் கிடந்தன. அதை நினைத்துச் சொன்னதுதான்.

முதல் ஐம்பது பிரதிகளை மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தீட்டினாள். இரண்டாவது தடவை நாற்பது பிரதி. மூலம் இருந்த பெட்டியின் சாவியோடு நூலகர் விடுப்பில் போயிருந்தார். பரீட்சை நெருங்கியது. மாணவர்கள் தினமும் வந்து நின்றார்கள். கைக்குத்தான் பழகிவிட்டதே என்று நினைவிலிருந்தே தீட்ட ஆரம்பித்தாள். அந்த வாரம் முழுக்க அவளுக்கு இடுப்பு வலி. பங்கீட்டு மாவில் சுட்ட ரொட்டி வயிற்றில் கல்லாகக் கிடந்தது. மேசை நிறையத் தாள்களைப் பரப்பி, ஒரு நிறத்தை எல்லாத் தாளிலும் முடித்துவிட்டு அடுத்த நிறத்தை எடுப்பது அவள் வழக்கம். தண்டுவடப் படத்தில் நீலம் போக வேண்டிய கோட்டில் பச்சையும், பச்சை போக வேண்டியதில் நீலமும் போயின. நாற்பது பிரதியிலும்.

இரண்டு வருடம் யாருக்கும் தெரியவில்லை. தொண்ணூற்றேழு ஜூனில் ஒரு நாள் நிஸார் ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தார். கோபமாகத் தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கல்லூரியில் எல்லோரையும் போல அவரும் அவளை 'ஸித்', அதாவது அம்மா, என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்.

"ஸித் கைரியா, வாய்மொழித் தேர்வுல தண்டுவடம் பாதி அறுந்தா எந்தப் பக்கம் வலி தெரியாதுன்னு கேட்டேன். மூணு பேரு தப்பாச் சொன்னாங்க. மூணு பேரும் ஒரே தப்பு."

"படிக்காம வந்திருப்பாங்க."

"படிக்காதவன் ஆளுக்கு ஒரு தப்பு சொல்லுவான். இவங்க படிச்சிருக்காங்க." பக்கத்தைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார். "வலித்தடம் உள்ளே நுழைஞ்சதும் அடுத்த பக்கம் தாண்டிடும். தொடு உணர்வு அதே பக்கமா மேல வரைக்கும் ஏறி, மூளைகிட்டதான் தாண்டும். இதுல பாருங்க."

கைரியா பார்த்தாள். விரலை வைத்து நீலக் கோட்டின் மேலேயே நடத்திக்கொண்டு போனாள். தண்டுவடத்துக்குள் அது தாண்டவே இல்லை.

"நான்தான்" என்றாள்.

"தெரியும். எழுத்து சரியாத்தான் இருக்கு. ஆனா எவன் எழுத்தைப் படிக்கிறான்?"

அன்றே வழங்கல் பதிவேட்டை எடுத்து நாற்பது பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். வாசல் கதவில் அறிவிப்பு ஒட்டினாள். வேலை முடிந்ததும் விடுதிகளுக்கு நடந்தாள். மாணவிகள் விடுதியில் ஒருத்தி கதவைத் திறந்துவிட்டு, "என்ன ஸித், அபராதம் வசூலிக்க வீட்டுக்கே வந்துட்டீங்களா?" என்றாள். பக்கத்தை வாங்கி, கட்டிலில் உட்கார்ந்தபடியே அழித்துத் திருத்தித் தந்தாள் கைரியா. அழித்த இடம் அழுக்காகத்தான் தெரிந்தது. ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் 'வலி', 'தொடுதல்' என்று எழுதியும் வைத்தாள்.

வெயில் ஐம்பதைத் தொட்ட வாரங்களிலும் அலைந்தாள். அக்கா பத்ரியா சொல்லிப் பார்த்தாள். "உன் காலைப் பார்த்தியா, பானை மாதிரி வீங்கியிருக்கு. நீ டாக்டரா? வாத்தியாரம்மாவா? தப்பா இருந்தா அவங்க கண்டுபிடிச்சுக்கட்டும்."

"கண்டுபிடிக்காதவங்க இருப்பாங்கள்ல."

"இருந்தா?"

கைரியா வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்டுக்குள் முப்பத்தாறு பிரதிகள் திருந்தின. மிச்சம் நாலு. ஒன்று கூத் நகர மருத்துவமனையில் வேலைக்குப் போய்விட்ட முஹன்னதிடம் இருந்தது. கடிதம் போட்டாள், பதில் வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பேருந்து ஏறினாள். ஜன்னல் கண்ணாடி இல்லாத பேருந்து. கூத் போய்ச் சேர்ந்தபோது வாயெல்லாம் மணல்.

முஹன்னத் இளைத்துப் போயிருந்தான். அவளை அடையாளம் கண்டதும் எழுந்து நின்று, தேநீர் கொண்டுவரச் சொன்னான். விஷயத்தை அவள் சொல்லி முடிக்கும் முன்பே அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் திறந்தான். நீலமும் பச்சையும் பேனாவால் அடிக்கப்பட்டு மாற்றி எழுதப்பட்டிருந்தன.

"நானே திருத்திட்டேன் ஸித். கடிதமும் வந்துச்சு. என்ன எழுதறதுன்னு தெரியல."

"எப்படித் தெரிஞ்சது உனக்கு?"

 தேநீர் வந்தது. சர்க்கரை இல்லை என்று மன்னிப்புக் கேட்டான். பிறகு சொன்னான்.

"போன குளிர்காலத்துல ஒரு சிப்பாய் வந்தான். முதுகுல கத்திக்குத்து. இடது காலைத் தூக்க முடியல. ஊசியால குத்தினேன். அந்தக் கால்ல வலிக்குதுங்கறான், நல்லா இருக்கற கால்ல வலி தெரியலங்கறான். எனக்கு இந்தப் படம் ஞாபகம். வலி இல்லாமப் போனா இடது கால்லதானே போகணும்? பட்டாளத்துக்குத் திரும்பிப் போகாம இருக்க நடிக்கிறான்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"'நடிப்பு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முகாம்ல காவலறைக்குள்ள வச்சுட்டாங்க. பதினோரு நாள். வலி தெரியாத கால்ல மண்ணெண்ணெய் அடுப்பு சுட்டு வெந்துபோனது அவனுக்கே தெரியல. அதைப் பார்த்துட்டுத்தான் திருப்பிக் கொண்டு வந்தாங்க. பெரிய டாக்டர் ஒரே நிமிஷத்துல சொல்லிட்டாரு."

கைரியா குவளையைக் கீழே வைத்தாள். "நான் சொல்லிடறேன், யாருகிட்ட சொல்லணுமோ. என் தப்பு."

"கையெழுத்து என்னுது ஸித். ஒருத்தன் தன் உடம்பைப் பத்திச் சொல்றான், நான் காகிதத்தை நம்பினேன். அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அவன் பேரு?"

"ஜபார். நடக்கறான் இப்போ, கம்பு ஊனி. சொந்த ஊர் போயிட்டான்."

திரும்பும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் நீட்டிய பேரீச்சையை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

மறுநாள் நிஸாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "இனி நான் கலர் அடிக்கல டாக்டர்" என்றாள். அவர் தலையசைத்தார், வற்புறுத்தவில்லை. மூன்று வாரம் சாம்பல் படங்களோடே பிரதிகள் வெளியே போயின. படம் புரியாமல் திணறிய மாணவர்கள் தாங்களே தோன்றிய நிறத்தைத் தீட்டிக்கொண்டார்கள். ஒருவன் கொண்டு வந்த பக்கத்தில் சிவப்பே இடம் மாறியிருந்தது.

அதைப் பார்த்த பிறகு அவள் நிஸாரின் அறைக்குப் போய் நின்றாள். "மூலம் மேசை மேல இருக்கணும். முதல் தாளை நீங்க பார்த்துக் கையெழுத்துப் போடணும். அப்புறம்தான் நான் அடுத்ததைத் தொடுவேன்."

"சரி. எப்போ?"

"இப்பவே வாங்க. உட்கார்ந்தா எனக்கு எந்திரிக்க முடியாது."

அப்படியே இன்னும் நான்கு வருடம் தீட்டினாள், கண் மங்கி ஓய்வு பெறும்வரை. மிச்சமிருந்த மூன்று பிரதிகளும் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த மூன்று பெயர்களும் இருந்த தாளைத் தனக்குப் பின் வந்தவளிடம் கொடுத்து, யாராவது பழைய புத்தகம் கொண்டுவந்தால் தண்டுவடப் பக்கத்தை முதலில் பார்க்கச் சொன்னாள்.