பெரியப்பா தேடிய சமதரை

எங்கேயாவது பூமி ஆடினால் டிவியில் எண்ணிக்கை சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு தேசத்தில் ஊர் ஊராகப் போய்விட்டது என்கிறார்கள். இன்னொரு தேசத்தில் அதைவிடப் பெரிதாக ஆடியும் நாலைந்து பேர்தான் என்கிறார்கள். போர்ட் பிளேர் பக்கம் சிப்பிகாட்டில் எனக்கு அடுத்த வீட்டு பெங்காலிக்காரி இதைக் கேட்டுவிட்டு என்னிடம் வருவாள். அவர்கள் விவரம் தெரிந்தவர்கள் தீதி, அதனால் பிழைத்தார்கள், இவர்கள் தெரியாதவர்கள், செத்தார்கள் என்று ஹிந்தியில் தீர்ப்புச் சொல்லுவாள்.

நான் ஒத்துக்கொள்வதில்லை. படிப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் நான். ஆனாலும் சாவை எண்ணுகிறவர்கள் சில கேள்வி கேட்க வேண்டும். ஆடும்போது தலைக்கு மேல் இருந்தது கல்லா, தகரமா? வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம்? ஆடி முடித்து அலை வருவதற்குள் என்ன நேரம் இருந்தது? சுனாமி அன்றைக்கு மெயின்லாண்டில் நாகப்பட்டினம் பக்கம் அலை போய்ச் சேர நேரம் இருந்தது, வந்து சொல்ல ஆள் இல்லை. நாங்கள் இருந்த நிக்கோபார் தீவு கட்சாலில் கத்திச் சொல்ல ஆள் இருந்தார்கள், நேரம் இல்லை. கடலோடு பிறந்து கடலோடு வளர்ந்த நிக்கோபாரிகளும்தான் அன்றைக்குப் போனார்கள். அவர்களுக்குக் கடலைத் தெரியாது என்று யார் சொல்ல முடியும்?

தெரிவது, தெரியாதது என்பதெல்லாம் அவ்வளவு லேசான விஷயம் இல்லை. ஒரு வீட்டை எங்கே வைப்பது என்று என் அம்மாவும் பெரியப்பாவும் போட்ட சண்டைக்கு நடுவில் நின்றவள் நான். அப்போது எனக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ.

நாங்கள் சிலோனிலிருந்து கட்சாலுக்கு வந்தவர்கள். அங்கே மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம், இங்கே கவர்மெண்ட் ரப்பர் தோட்டம். கொழுந்து பறித்த கைகள் இங்கே மரத்தைக் கீறிப் பால் வெட்டப் பழகிக்கொண்டன. வீடு போட்டுக்கொள்ள மரமும் தகரமும் கொடுத்தார்கள். அப்பாவும் அவருடைய அண்ணனும் தோட்டத்தை ஒட்டின மேட்டுச் சரிவில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வீடு போட்டார்கள். அங்கிருந்து கீழே இறங்கினால் தென்னந்தோப்பு, அதைத் தாண்டினால் மணல், அப்புறம் கடல்.

பெரியப்பா வாட்டசாட்டமான ஆள், கோபக்காரர். சிலோனில் இருந்தபோது ஒரு மழைக்காலத்தில் அவர்களுடைய லயத்துக்குப் பின்னால் இருந்த மலை சரிந்து வீட்டு வரிசைமேல் விழுந்துவிட்டது. அவருடைய மூத்த பையன் உள்ளே இருந்தான். மண்ணை அவர் வெறுங்கையால் பறித்தாராம். நான் பிறப்பதற்கு முந்தி நடந்தது இது. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பேச மாட்டார்கள். பெரியவளான பிறகுதான் எனக்கே தெரிந்தது. எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், மழை வலுத்தால் பெரியப்பா சாப்பிடுகிற சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வீட்டுப் பின்பக்கம் போய் மேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்பதுதான். அவருக்குத் தெரிந்த ஆபத்து மேலேயிருந்துதான் வரும்.

ஒருநாள் காலையில், தோட்டத்தில் எல்லாரும் பால் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், பூமி ஆடியது. மரத்தில் கட்டியிருந்த சிரட்டைகளிலிருந்து பால் சிந்தியது. எங்கள் வீட்டுத் தகரம் கடகடவென்று அடித்துக்கொண்டது. பெரியப்பா தோட்டத்திலிருந்து ஓடிவந்து என்னை ஒரு கையிலும் தன் மகளை, எனக்கு அக்கா முறை, இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, "எறங்கு, எறங்கு, சமதரைக்கு எறங்கு" என்று கத்திக்கொண்டே கடற்கரைக்கு ஓடினார். எங்கள் ஆட்கள் எல்லாருமே அப்படித்தான் ஓடினார்கள். எல்லாரும் மலைநாட்டுக்காரர்கள். மண் அசைந்தால் மலையடியில் நிற்கக் கூடாது என்று பாலோடு குடித்தவர்கள். மணலில் போய் நின்று, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மலை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

மலை வரவில்லை. கடலும் வரவில்லை. எப்போதும் போல எங்கள் கணுக்கால்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. அன்றைக்கு அது சும்மா இருந்ததுதான் கெடுதலாகப் போயிற்று.

அந்த வாரமே பெரியப்பா தோட்டத்து ஆபீஸ் பாபுவிடம் போய், வீட்டைப் பிரித்துக் கீழே மணலோரம் போட்டுக்கொள்கிறோம் என்று கேட்டார். பாபு, "டீக் ஹை" என்று தலையை ஆட்டிவிட்டார். வேறு சில குடும்பங்களும் சேர்ந்துகொண்டன. எனக்கும் அக்காவுக்கும் தலைகால் புரியவில்லை. வாசலிலேயே கடல் இருக்கும், நாள் முழுக்க மணலில் ஆடலாம்.

அம்மா வர மாட்டேன் என்றாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பழக்கத்தில் புருசனுடைய அண்ணனோடு பெண்பிள்ளை முகம் பார்த்துப் பேசக் கூடாது. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்பாள். அவரும் அவளிடம் நேராகப் பேச மாட்டார். ஆகவே சண்டை முழுவதும் என் வழியாக நடந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் நாலு எட்டுதான் இடம். நான் தலையைத் திருப்பினால் போதும், வாயைத் திறக்க விட மாட்டார்கள்.

"பாப்பா, ஒங்கம்மாகிட்ட சொல்லு. ஞாயித்துக்கெழம தகரத்தக் கழட்டுறோம்."

"ஒம் பெரியப்பாகிட்ட சொல்லு. கழட்டுறவங்க கழட்டட்டும். அங்க கெணத்துத் தண்ணி உப்பு. பருப்பு வேவாது."

"பருப்பு வேவாட்டி மீனத் திங்கச் சொல்லு. கடலு பக்கத்துலதான இருக்கு."

"மீனும் உப்பு, தண்ணியும் உப்பு. அதுக்கு மேல ஒம் பெரியம்மா கொழம்பும் உப்பு. மனுச நாக்கு என்னாத்துக்கு ஆவும்னு கேளு."

பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து பெரியம்மா குரல் வந்தது. "கப்பல்ல வாரப்ப அந்தக் கொழம்பத்தான் ரெண்டாந்தரம் வாங்கித் தின்னா. கேளு பாப்பா, அப்ப நாக்கு எங்க போயிருந்துச்சாம்?"

பெரியப்பா சிரிக்கவில்லை. "பாப்பா, இதையும் சொல்லிரு. மல வந்தா சொல்லிக்கிட்டு வராது" என்றார்.

அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "வரட்டும். நா பாத்துக்குறேன்னு சொல்லு" என்று உள்ளே போய்விட்டாள்.

அப்பா அண்ணன் சொல்லைத் தட்டாதவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏணியைச் சாத்திக்கொண்டு ஏறி, தகரத்தை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே கொடுத்தார். பெரியப்பா வீடு அதற்கு முன்பே பிரித்தாகிவிட்டது. பெரியம்மா சட்டிபானையைத் தலையில் வைத்துக்கொண்டு அக்காவோடு இறங்கிப் போயிருந்தாள். எங்கள் வீட்டின் தகரங்களையும் ஆட்கள் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் பாதி தூரம் போய்விட்டார்கள். அம்மா ஒரு சாமானையும் கட்டவில்லை. கூரை போன வீட்டுக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தாள்.

அரிசி கொதிக்கிற நேரத்தில் மழை வந்தது. எங்கள் தீவில் மழை கேட்டுக்கொண்டு வருவதில்லை. அம்மா எழுந்திருக்கவில்லை. ஒரு கையால் முறத்தை எடுத்துப் பானைக்கும் அடுப்புக்கும் மேலாகக் குடை மாதிரிப் பிடித்துக்கொண்டாள். மறுகையால் கிண்டினாள். அவள் தலையிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது. மற்ற வீட்டு ஆட்களெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள்.

"தம்பி, அங்க பாக்காத. கம்பத்தப் புடுங்கு" என்றார் பெரியப்பா.

அப்பா கடப்பாரையை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக் கம்பத்துக்கு வந்தார். கம்பத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் அம்மா உட்கார்ந்திருந்தாள். அப்பாவோடு அவள் தாராளமாகப் பேசலாம், தினமும் பேசுகிறவள்தான். அன்றைக்கு என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"ஒங்கப்பாகிட்ட கேளு. சோறு வெந்துருச்சு. இங்க திங்கிறாரா, கீழ போயித் திங்கிறாரா?"

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அப்பா அண்ணனைப் பார்த்தார், முறத்தைப் பார்த்தார். மழை கொட்டிக்கொண்டேயிருந்தது. பிறகு கடப்பாரையைச் சுவரோரம் சாத்திவிட்டுச் சரிவில் இறங்கிப் போய், முதல் தகரத்தைத் தன் தலையிலேயே தூக்கிக்கொண்டு மேலே வந்தார்.

"ஏத்தாதடா தம்பி. வேணாம்டா, ஏத்தாத" என்று பெரியப்பா சொன்னார். அவர் குரல் உடைந்து போயிருந்தது. கோபம் என்று நினைத்தேன். அப்பா ஆணி அடித்தார். கடற்கரை வீடு கைவிட்டுப் போனதென்று நான் மழையில் நின்று அழுதேன். அம்மா ஈரத் தலையோடு எனக்குச் சோறு போட்டாள். தின்னாமல் அடம் பிடித்தேன்.

பெரியப்பா குடும்பம் கீழேயே குடியிருந்தது. காலப்போக்கில் மணலோரம் நல்ல வரிசையாக வீடுகள் வந்துவிட்டன. நான் கல்யாணம் ஆகியும் மேட்டு வீட்டிலேயே இருந்தேன். அப்பாவும் அம்மாவும் அந்த வீட்டிலேயே கண்ணை மூடினார்கள். அக்காவுக்கு போர்ட் பிளேரில் மாப்பிள்ளை அமைந்தது. ஹேடோவில் கப்பல் சாமான் இறக்குகிற வேலை, தங்குவதற்குக் குவார்ட்டர்ஸ். பெரியம்மா இறந்த பிறகு பெரியப்பா கீழேயே தன் இளைய மகன் வீட்டில் இருந்தார்.

2004 டிசம்பரில் அந்தக் காலையில் ஆடியது மாதிரி நான் பார்த்ததில்லை. நிற்க முடியவில்லை. எங்கள் வீடு ஒரு பக்கம் சாய்ந்தது, விழவில்லை. தகரமும் பலகையும் விழுந்திருந்தாலும் ஆள் சாகாது. கீழேயிருந்த வீடுகளிலும் ஆட்டத்தில் யாரும் சாகவில்லை. அதற்குப் பிறகு வந்த தண்ணீர்தான் கொண்டுபோயிற்று. மேட்டிலிருந்து பார்த்தேன். தென்னை நுனி தெரிந்தது, மற்றது ஒன்றும் தெரியவில்லை. அதைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல முடியும்.

கப்பல் வைத்து எங்களை ஹேடோவுக்குக் கொண்டுவந்தார்கள். அக்கா குவார்ட்டர்ஸில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் தங்கினோம். மரத்தைப் பிடித்துக்கொண்டு தப்பித்த ஒரு ஆள், கீழ்வரிசைக்காரன், சாப்பிடும்போது சொன்னான். ஆடி முடிந்ததும் பெரியப்பா வீடு வீடாகப் போய் எல்லாரையும் வெளியே அழைத்தாராம். மேலே ஓடப்போனவர்களை, "மேல போகாத, மல சரியும், மணலுக்கு வா" என்று கையைப் பிடித்து இழுத்தாராம். "கெழவன் அறிவில்லாம நிறுத்தி வச்சுட்டாரு" என்றான்.

அக்கா சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றாள். நான் பேசினேன்.

"இந்தா பாரு. எம் பெரியப்பா ஓடத் தெரியாம நிக்கல. எந்தப் பக்கம் ஓடணும்னு புள்ளையக் குடுத்துப் படிச்சவரு அவரு. அவரு படிச்சது அந்த மலைக்குச் சரி. இந்த மண்ணுக்குச் சரியா வரல. அதுக்குப் பேரு அறிவில்லாததுன்னா, கடலுக்கு முதுகக் காட்டி நின்னோமே, நாம அத்தன பேரும் அதுதான். அவர அப்பிடிச் சொல்லிட்டு இந்த வீட்டுல யாரும் சோறு திங்க வேணாம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனும் இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவன். அக்கா கையிலிருந்து கரண்டியை வாங்கி நானே அவன் தட்டில் சோறு வைத்தேன்.

இன்றைக்கும் நான் அதையேதான் சொல்கிறேன். உங்கள் அம்மா தீர்க்கதரிசி என்று பிறகு எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். அடித்துச் சொல்கிறேன், என் அம்மாவுக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. உப்புத் தண்ணீர் பிடிக்கவில்லை, பெரியம்மாவோடு ஒரே கிணற்றில் இறைக்க இஷ்டமில்லை. அந்த வீம்பில்தான் நான் பிழைத்துக் கிடக்கிறேன். தெரிந்து செய்தவர் போனார், தெரியாமல் செய்தவள் பிள்ளை இருக்கிறேன். டிவியில் எண்ணிக்கை சொல்கிறவர்கள் இதை எந்தக் கணக்கில் வைப்பார்களோ.

கூரையைத் திரும்ப ஏற்றின அந்த வருடம் மழைக்காலம் ஆரம்பித்தபோது நடந்த ஒன்று பாக்கி இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. என் வழியாகக்கூடப் பேச்சு இல்லை. அப்படியிருக்க, ஒருநாள் பால் வெட்டு முடிந்ததும் பெரியப்பா மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கீழேயிருந்து ஏறிவந்தார். எங்கள் வாசலைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் பின்பக்கம் போய் வெட்ட ஆரம்பித்தார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார்.

"என்னா வெட்டுறாருன்னு கேட்டுட்டு வா" என்று அம்மா என்னை அனுப்பினாள்.

போய்க் கேட்டேன். பெரியப்பா மேலே மேட்டை ஒரு பார்வை பார்த்தார்.

"கெழங்கு தோண்டுறேன்னு சொல்லு."

வந்து சொன்னேன். அம்மா பின்கதவைத் திறந்துகொண்டு நின்று பார்த்தாள். எங்கள் வீட்டுப் பின்பக்கம் முழுவதற்கும், சரிவுக்குக் குறுக்கே, முழங்கால் ஆழத்தில் ஒரு வாய்க்கால் ஓடி, வீட்டு மூலையில் திரும்பி, மேட்டிலிருந்து வரும் மழைத்தண்ணீரை வீட்டை விட்டுத் தள்ளிக் கொண்டுபோகிற மாதிரிப் பள்ளத்தில் இறங்கியிருந்தது. அம்மா முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றி, அப்பாவுடைய பித்தளை டம்ளரில் என்னிடம் கொடுத்தாள்.

"கெழங்கு தோண்டுறவருக்குக் குடு."

பெரியப்பா அதை வாங்கிக் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மம்பட்டியை எடுத்தார். நான் அவர் வெட்டிப் போட்ட மண்மேட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டியாக உடைத்துப் பார்த்தேன். ஒரு கிழங்குகூட இல்லை. இவ்வளவு பெரிய ஆளுக்குக் கிழங்கு எங்கே இருக்கும் என்று தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.