இழுக்காமல் நடந்த நாய்

அத்தை எழுதிய இன்லண்ட் கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் தபால் முத்திரையில் 1988 என்ற ஆண்டு மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. மாதம் மையில் கலங்கிவிட்டது. ‘நாய் கன்றுக்குட்டி போல என்னோடு நடந்து வருகிறது. கை வலிக்கவே இல்லை. பிள்ளையிடம் சொல்லவும்’ என்று எழுதியிருக்கிறாள். பிள்ளை என்பது நான். ராஜபாளையத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். நாயைப் பழக்கியவள் நான்தான்.

மில்லில் வேலை பார்த்த சித்தப்பா வீட்டில் நாய்கள் வளர்த்தார். கடைசி ஈற்றில் பிறந்த குட்டிகளில் இந்த நாய்தான் அவருக்குப் பெருமை. உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளை, ரோஜா நிற மூக்கு. ஒரு வயதில் என்னைவிட எடை கூடியிருந்தது. பெயர் வைத்திருந்தோம், எத்தனை முறை கூப்பிட்டாலும் அது திரும்பியதில்லை. திமிர் என்றார் சித்தப்பா. நல்ல சாதி நாய் அப்படித்தான் இருக்கும் என்று வந்தவர்களிடமும் சொல்லிக்கொண்டார்.

அத்தையின் கணவர் லாரி ஓட்டுபவர். வடக்கே போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். ஊர்க்கோடியில் இருந்த வீட்டில் அவளும் வயதான மாமனாரும் மட்டும். யாரோ பின்கதவை நெம்பிப் பார்த்திருந்தார்கள். அவளுக்கு ஒரு நாய் வேண்டும் என்று பேச்சு வந்தது. இந்த நாயை ஒரு நாள் அவள் கையில் பிடிக்கக் கொடுத்தார்கள். தெருமுனையில் ஒரு ஆட்டைப் பார்த்து அது பாய்ந்ததில் அத்தை குப்புற விழுந்து முழங்கை கிழிந்தது.

“பொம்பள பிடிக்க ஏலாத நாய் எதுக்கு? தேவதானம் தோப்புக்குக் கொண்டுபோய் விட்டுருதேன், பன்னி விரட்டட்டும்” என்றார் சித்தப்பா.

அந்தத் தோப்பு மலையடியில் இருந்தது. இதற்கு முந்தைய ஈற்றில் பிறந்த நாயை அங்கேதான் விட்டார். காட்டுப்பன்றி கிழித்த வயிற்றோடு அதைச் சாக்கில் தூக்கி வந்தார்கள். சித்தப்பா கோணி ஊசியால் தைத்தார், மறுநாள் செத்தது. அதைப் பார்த்தவள் நான். இது அங்கே போகக்கூடாது என்பது ஒன்றுதான் அந்த விடுமுறையில் என் நினைப்பு.

சித்தப்பாவின் முறை, சங்கிலியைச் சுண்டி இழுத்து, “ஏலே, நில்லுலே” என்று கத்துவது. கத்தக் கத்த நாய் முன்னே இழுத்தது. எனக்கு அந்த வலு இல்லை. மில்லில் கழித்த நாடாவை அவர் மூன்று பிரியாகப் பின்னித் தந்தார். நாய் இழுத்ததும் அந்த வாரை வேப்பமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு நின்றுவிடுவேன். இழுத்துச் சலித்து அது என்னைத் திரும்பிப் பார்க்கும், வார் தொய்யும், உடனே நடப்பேன். மறுபடி இழுத்தால் மறுபடி அடுத்த மரம், இல்லையென்றால் கரண்டுக் கம்பம். பள்ளி திறப்பதற்குள், வாரை இரண்டு விரலால் தொட்டாலே நாய் நின்றது. தலையைத் தூக்கி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தது.

“என்னட்டி, மருந்து கிருந்து வச்சிட்டியா? ஒன் மூஞ்சியவே பாத்துட்டு வருது” என்றார் சித்தப்பா.

“நீங்க கத்துதிய. நான் கத்தல, அம்புட்டுத்தான்” என்றேன்.

நூல் ஏற்றிப் போன வேனில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனோம். பெரிய சாலையிலிருந்து அத்தை வீடு வரை நானே பிடித்து நடந்தேன். பின்னால் வந்த லாரி ஒன்று காற்று ஹாரனை அடித்தது. நான் துள்ளிவிட்டேன்; நாயின் காதுகூட அசையவில்லை. வாசலில் நின்ற அத்தையின் மாமனார் அதைப் பார்த்தார்.

“பயம்னா என்னான்னே தெரியாது போல தம்பி. இதுதான் நாய்” என்று சித்தப்பாவின் தோளைத் தட்டினார்.

தூய வெள்ளை நாய்களில் பிறவியிலேயே செவிடானவை அதிகம் என்று நெடுங்காலம் கழித்துப் படித்தேன். எங்கள் நாயை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. ஆகவே அது செவிடு என்று உறுதியாக எழுத எனக்கு உரிமை இல்லை.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் திருடர்கள் அத்தை வீட்டின் பின்பக்கக் கூரை ஓட்டைப் பிரித்து இறங்கினார்கள். அத்தையின் தாலிச் சங்கிலியை அறுத்து, தோட்டைக் காதோடு பிய்த்துக்கொண்டு போனார்கள். அவள் அலறியிருக்கிறாள். நாய் முன்வாசல் படியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் வந்து அதன்மேல் கைவைத்த பிறகே எழுந்து வாலை ஆட்டியது.

நாங்கள் போனபோது அத்தையின் காதில் கட்டுப் போட்டிருந்தது. மாமனார்தான் பேசினார்.

“நாயக் கேட்டா ஆட்டுக்குட்டியப் பழக்கிக் குடுத்துட்டிய தம்பி. கயித்துல நடக்கவச்சு நடக்கவச்சு அதோட ரோசத்த அத்துப்போட்டுட்டிய.”

சித்தப்பாவின் நாய் குரைக்கவில்லை என்பதை ராஜபாளையத்துக்காரர் ஒருவர் தெருவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அத்தையின் காதைவிட அதுதான் சித்தப்பாவைச் சுட்டதோ என்று இப்போது தோன்றுகிறது. நாயை எங்களுடனேயே திருப்பிக் கொண்டுவந்தார். மறுநாள் காலை அதைப் பிடித்துக்கொண்டு சேத்தூர் சாலையில் நடந்தார். நான் கூட வருவதாகச் சொன்னேன். வேண்டாம் என்றார்.

மதியம் தனியாகத் திரும்பினார். சேத்தூர்ப் பக்கம் ஒரு தோப்புக்காரருக்குக் கொடுத்துவிட்டதாக என் அப்பாவிடம் சொன்னார். வார் மட்டும் அவர் கையில் சுற்றியிருந்தது. தோப்புக்காரர் எதைப் பிடித்து நாயைக் கூட்டிப் போயிருப்பார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

அந்தத் தோப்புக்காரர் யார் என்று பின்னால் விசாரித்தேன். சேத்தூரிலும் செட்டியார்பட்டியிலும் அப்படி ஒரு நாயைக் கண்டவர் எவரும் கிடைக்கவில்லை. சித்தப்பாவும் இப்போது இல்லை. அவர் சொன்னது உண்மைதானா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

அன்று நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“வழியில இழுத்துச்சா சித்தப்பா?”

அவர் கையில் சுற்றியிருந்த வாரை அவிழ்த்தார்.

“இல்லட்டி. கடைசி வரைக்கும் ஒரு தடவகூட இழுக்கல. எங் கூடவே வந்துச்சு.”

அதை அன்று சாயங்காலம் தெருவில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.