பால்குடத்தன்று எடுத்த வீடியோ

அம்மாவைப் பார்த்துப் பயந்த ஆள் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அந்தப் பயம் என்னைப் பிடித்தது ஒரு பங்குனித் திருவிழாவில், புதுக்கோட்டையில், பட்டப்பகலில்.

அப்பா அப்போது துபாயில் இருந்தார். எனக்கு அவர் பெரும்பாலும் போனில் வரும் ஒரு குரல்தான். ஒவ்வொரு வருடமும், "அடுத்த வருசம் கண்டிப்பா வந்துர்றேன்" என்பார். அம்மா, "சரிங்க" என்பாள். போனை வைத்த பிறகு, கழுவிய பாத்திரத்தையே எடுத்து மறுபடியும் தேய்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு எதிர்த்துப் பேசவே தெரியாது என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். பெருமையாகத்தான் சொல்வார்கள்.

அந்த வருடம், அப்பா ஊருக்குத் திரும்பி வந்துவிட வேண்டும் என்று மாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள். படமெடுக்கும் பொறுப்பு மாமாவுடையது. மாமா அம்மாவின் தம்பி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையையே அதட்டி நிமிர வைக்கிற ஆள். அவரிடம் அம்மா சொன்னாள்:

"கோயில் முக்குல வேப்பமரம் இருக்குல்ல, அங்கிட்டு நில்லு. போட்டோ மட்டும் பத்தாது, வீடியோவும் எடு. சத்தம் நல்லா விழணும். அவுக கேக்கணும்ல."

"மேளச் சத்தம் கேக்கவா மச்சான் அங்க உக்காந்திருக்காரு?" என்று மாமா சிரித்தார்.

மரத்தடியில் இருந்த சர்பத் கடை பெஞ்சில் என்னை ஏற்றி நிறுத்திவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறிக்கொண்டார். அம்மா வரும்போது கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. சுலபமான வேலை என்றுதான் நினைத்தேன்.

குடங்கள் வரத் தொடங்கியதும் என் நினைப்பு தவிடுபொடியானது. தெரு நிறைய மஞ்சள் சேலை, மஞ்சள் பூசிய முகம், தலையில் பித்தளைக் குடம், குடத்து வாயில் வேப்பிலை. யாரைப் பார்த்தாலும் அம்மா மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால் ஒருத்தியும் அம்மா இல்லை. விட்டுவிட்டால் அப்பாவுக்குப் படம் போகாது, படம் போகாவிட்டால் அப்பா வரமாட்டார் என்று எனக்குள்ளே ஒரு முடிவு கட்டிவிட்டதால் அழுகை வேறு முட்டியது. கூட்டம் நெருக்கியதில் பெஞ்சு ஆடியது. உறுமிச் சத்தம் வயிற்றுக்குள் போய் அதிர்ந்தது. திடீரென்று எங்களுக்கு நேர் எதிரே ஒரு அக்கா வீறிட்டுக் கத்தி ஆட ஆரம்பித்தாள். குடம் சாய்ந்து, பால் அவள் முகத்திலும் தோளிலும் வழிந்தது. நான் மாமாவின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் அம்மா வந்தாள். நான் "அம்மா" என்று கத்தினேன். அவள் திரும்பவில்லை. வேப்பமரத்துக்கு நேராக வந்து நின்றாள். கண்கள் அகல விரிந்திருந்தன, நாக்கு வெளியே தள்ளியிருந்தது. தொண்டையிலிருந்து உறுமல் ஒன்று வந்தது. நான் மறுபடியும் கூப்பிட்டேன். என் மேல் பட்ட அந்தப் பார்வையில் என்னைத் தெரிந்த அடையாளமே இல்லை. என் அம்மாவை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், இனி தரமாட்டார்கள் என்று நினைத்தேன். அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பயந்ததில்லை.

மேளக்காரர்கள் அடியை நிறுத்தினார்கள். பக்கத்தில் வந்த பெரியவர் கும்பிட்டபடி, "யாரு ஆத்தா வந்திருக்கிறது?" என்று கேட்டார்.

"நாந்தாண்டா, மாரி!"

ஒரு கை குடத்தைப் பிடித்திருக்க, இன்னொரு கையை நீட்டிக் கேமராவைக் காட்டினாள்.

"டேய்! கடலத் தாண்டிப் போயிட்டா எங் கண்ணுக்குத் தப்பிருவியாடா? வருசா வருசம் பொய்யாடா சொல்றே? ஒம் பொஞ்சாதி கண்ணீர் எங் காலடியில கெடக்குடா. ஒம் புள்ளைக்கு ஒம் மொகமே மறந்துபோச்சுடா. ஆடி பொறக்குறதுக்குள்ள எம் வாசல்ல வந்து நில்லு. இல்லேன்னா நான் அங்க வருவேன்!"

வீட்டில் அப்பாவின் பெயரைக்கூட உச்சரிக்காத வாய் அது. மாமா ஸ்டூலில் நின்றபடியே செருப்பை உதறினார். யாரோ ஓடிவந்து அம்மாவின் நெற்றியில் திருநீறு பூசினார்கள். கண்ணை மூடித் திறந்தாள். பிறகு ஒன்றும் நடக்காதது போல வரிசையில் நடந்தாள்.

சாயங்காலம் மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அக்கா, இத மச்சானுக்கு அனுப்பவா, வேணாமா?"

"நான் என்ன பேசுனேன்னு எனக்கென்னடா தெரியும்?" என்றாள் அம்மா, தலையைத் துவட்டிக்கொண்டே. "சாமி பேசுனத மறிச்சு வைக்க நீ யாரு?"

மாமா உடனே அனுப்பிவிட்டார். நான் அன்று அம்மா பக்கத்தில் படுக்கவில்லை. வெகுநாள் வரை அவள் சோறு போடும்போது அவள் கண்ணைத்தான் பார்ப்பேன், உள்ளே இருப்பது யார் என்று.

அப்பா ஆனி முடிவதற்குள் வந்து சேர்ந்தார். வீட்டுக்குக்கூட வராமல், பெட்டியோடு நேரே கோயில் வாசலில் போய் விழுந்தார். அதன் பிறகு திரும்பிப் போகும் பேச்சையே எடுக்கவில்லை. அம்மா ஏதாவது சொன்னால் சட்டென்று எழுந்து நின்று கேட்டார். அம்மா மட்டும் பழையபடி "சரிங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையை நான் எல்லோருக்கும் சொன்னேன். அதில் முக்கியமான அதிசயமாக நான் சொன்னது ஒன்றைத்தான். அன்று சாமி வந்தவர்கள் எல்லாருடைய குடத்திலும் பாதிப் பால் தரையில் போயிருந்தது. சன்னதியில் அம்மாவின் குடத்தை வாங்கிய பூசாரி, "தளும்பத் தளும்ப அப்படியே இருக்கே தாயி!" என்று வியந்தார். எல்லாம் மாரியம்மன் சக்தி என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அத்தனை ஆவேசத்திலும் குடத்தை அவ்வளவு கவனமாகப் பிடித்திருந்த கை யாருடையது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.