டீச்சரின் வீட்டு மனுஷன்

எங்கள் சிகிச்சை மையத்துக்கு வரும் பாலியல் தொழிலாளிகளில் அவளுக்கு மட்டும் டீச்சர் என்று பட்டப்பெயர். தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களை உட்காரவைத்து, மரக்கட்டையில் ஆணுறை மாட்டிக் காட்டுவாள். "பல்லால கடிச்சுப் பிரிக்காதடி, அதென்ன மிட்டாயா?" என்று அதட்டுவாள். உறை வேண்டாம் என்று அடம்பிடித்த எத்தனையோ ஆண்களைப் படியிறக்கி அனுப்பியிருக்கிறாள்.

ஒருவனுக்கு மட்டும் விலக்கு. லாரி ஓட்டுநர், மனைவி உள்ளவன். ஆனாலும் டீச்சரின் அறையில் அவன் சட்டை ஆணியில் தொங்கும். அவனிடமும் உறையை நீட்டினால், வீட்டு மனுஷனைக் கஸ்டமர் ஆக்கியதுபோல் ஆகிவிடுமாம். இந்தத் தொழிலில் கெட்டிக்காரிகள் சறுக்குவது இங்கேதான்.

ரத்தப் பரிசோதனையில் அவளுக்குச் சிபிலிஸ் என்று வந்தது. கூட வந்த தோழி வாயை அடக்க மாட்டாமல், "டீச்சரே பெயிலா?" என்றாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. "அவன் பொண்டாட்டி முழுகாம இருக்கா, சிஸ்டர்."

"வயித்துப் பிள்ளைக்கும் போயிடும். சீக்கிரம் ஊசி போட்டா தடுக்கலாம். ரெண்டு பேரையும் வரச் சொல்லு."

"சொன்னா என்னை விட்டுட்டுப் போயிடுவான்."

"போவான்" என்றேன். பொய் சொல்லி என்ன பயன்?

அன்று சாயங்காலமே அவனிடம் சொல்லிவிட்டாள். அவன் குதித்தானாம். "கண்டவனும் வந்து போற இடம். எம்மேல பழி போடுறியா?"

"பழி எம்மேலயே இருக்கட்டும்யா. அவளைக் கூட்டிட்டு வா. வரலைன்னா நானே உன் வாசல்ல வந்து நிப்பேன்."

அவன் சட்டையை உருவிக்கொண்டு போனான். அந்த அறைக்கு அவன் திரும்பவேயில்லை. ஆனால் மனைவியை அழைத்துவந்தான்.

அவளுக்குக் கால்கள் வீங்கியிருந்தன. நோயின் பெயரைச் சொன்னேன். புருஷனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். பிள்ளை பிறந்து அதற்கும் பரிசோதனை செய்யும்வரை உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது என்றேன்.

முதலில் அவளுக்கு ஊசி போட்டேன். அந்த மருந்து கெட்டி. இடுப்பில் போட்டால் காலை இழுக்கும். அடுத்து அவனுக்குப் போட நான் திரையை மூடும்போது, வெளியே அவள் தடுமாறினாள். பக்கத்தில் இருந்தது, தன் ஊசியைப் போட்டுக்கொண்டு நின்ற டீச்சர்தான். தாங்கிப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"நீங்களும் நர்ஸாக்கா?"

"இல்லம்மா."

"நீங்களும் காலை இழுத்துக்கிட்டு நிக்கிறீங்களே! முதல்ல நீங்க உட்காருங்க" என்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள்.

டீச்சர் உட்காரவில்லை.