அப்பாவுக்கு நரகத்தை வாசித்துக் காட்டிய நாள்

அந்தக் குகைக் கோயிலுக்குப் போகலாம் என்று கேட்டது அப்பாதான். ஆலைக் கன்டீனில் அவரோடு பல வருடம் வேலை செய்த தாய்லாந்துக்காரப் பெண் ஒருவர், வந்து பாருங்கள், வந்து பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஏரிக்கு மேலே உள்ள மலையில் ஒரு காலத்தில் சுவிஸ் ஆமி வெடிமருந்து வைக்கக் குடைந்த பங்கர் அது. ஆமி விட்டுப்போன பிறகு தாய்லாந்து ஆட்கள் அதை எடுத்து, உள்ளே புத்தரை வைத்து, ஒரு கிளைச் சுரங்கத்தில் சொர்க்கமும் மற்றதில் நரகமும் செய்திருந்தார்கள். நரகத்துக்குப் பங்கரில் பெரிதாக எதையும் மாற்றியிருக்கத் தேவையில்லை என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் போக விருப்பமில்லை. ஆனால் அந்த நாட்களில் அப்பா எதைக் கேட்டாலும் நான் மறுக்கவில்லை. அதற்குக் காரணம் அன்பு மட்டும் இல்லை. நான் அவருக்கு ஒரு பெரிய பொய் சொல்லியிருந்தேன்.

ஒன்பது வயதிலிருந்து நான்தான் அப்பாவின் மொழிபெயர்ப்பாளர். விசாக் கந்தோர், வாடகை வீட்டைப் பார்க்கும் முகாமை, பல் வைத்தியர், எல்லா இடத்துக்கும் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போவார். என் வகுப்பு ஆசிரியை என்னைப் பற்றிச் சொன்ன குறைகளைக்கூட நானே அவருக்குத் தமிழில் சொன்னேன், பாதியை விழுங்கிவிட்டு. நாங்கள் இருக்கும் எம்மன்புரூக்கேயில் என் வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் இந்த வேலை பார்த்தவர்கள்தான். முப்பது வருடத்துக்கு மேல் இங்கே இருந்தும் அப்பாவுக்கு ஆலைக்குத் தேவையான ஜெர்மன்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடட்டுமா என்று கேட்பார்கள். அப்பா கொஞ்சம் பெருமையோடு, "எனக்கு என்ர பிள்ளை இருக்கு" என்பார். அதையும் நான்தான் ஜெர்மனில் சொல்லுவேன்.

மாசிக் கடைசியில் டொக்டர் எங்களை உட்காரவைத்து, அப்பாவின் புற்றுநோய்க்கு இனிச் செய்ய வைத்தியம் எதுவும் இல்லை என்றார். நல்ல மனுசி. என்னைப் பார்க்காமல் அப்பாவின் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான், "புது மாத்திரை ஒண்டு தருவினமாம்" என்றேன். மாத்திரை தந்தது உண்மைதான். நோவைக் குறைக்கக் கோர்ட்டிசோன்.

அப்பாவின் முகம் தெளிந்தது. "அப்ப அக்காவைப் போய்ப் பாத்திட்டு வரலாமோ எண்டு கேள்" என்றார். யாழ்ப்பாணத்தில் அவருக்கு இருப்பது ஒரே அக்கா. தாய் இல்லாத வீட்டில் அவரை வளர்த்தவர். இப்போது கட்டிலோடு கிடக்கிறார். ஞாயிறு தோறும் போனில் இருவரும் முகம் பார்ப்பார்கள். லீவு இல்லை, என் படிப்பு, பிறகு என் கல்யாணம் என்று ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட்டு, நேரில் கண்டு இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது.

நான் கேட்டேன். டொக்டர் முன்னால் சாய்ந்து, "போகட்டும். உடனே போகட்டும். இரண்டு மாதத்துக்குப் பிறகு முடியாமல் போகலாம்" என்றார்.

உடனே என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். அதற்கு மறுமொழி சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. "கொஞ்சம் பொறுத்துப் போகச் சொல்லுறா" என்றேன்.

வீட்டுக்கு வந்து குசினியில் அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா கதவைச் சாத்தினார். "நல்ல வேலை செய்தாய். அவரிட்டச் சொல்லிப்போடாத. மனுசன் மனம் விட்டிடுவார்" என்றார். நோயாளியிடம் நோயை மறைப்பதை எங்கள் ஆட்கள் ஒரு கடமை மாதிரித்தான் செய்வார்கள். நான் அந்தக் கடமைக்குப் பின்னால் இரண்டு மாதம் ஒளிந்திருந்தேன்.

கோர்ட்டிசோன் அப்பாவின் கன்னங்களை உப்ப வைத்தது. பசி வந்தது. எங்கள் தமிழ்க் கோயிலில் கண்டவர்கள் எல்லாம், "அண்ணை நல்லாத் தேறிட்டார்" என்றார்கள். அவர் அதை நம்பினார். நான் ஒவ்வொரு காலையும் ஓல்டனுக்கு வேலைக்குப் போகும் ரயிலில் போனில் விமான டிக்கெட் பார்ப்பேன், திகதி வரைக்கும் போடுவேன், மூடிவிடுவேன். சொன்னால் இடிந்துபோவார். சொல்லாவிட்டால் அக்காவைக் காணாமலே போய்விடுவார். நாட்கள் என் கையால்தான் போய்க்கொண்டிருந்தன. பைத்தியம் பிடிக்காத குறைதான்.

சித்திரைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் அந்தக் குகைக் கோயிலுக்குப் போனோம். கார் நிறுத்தும் இடத்திலிருந்து வாசலுக்குச் சின்ன ஏற்றம். அப்பா மூன்று தரம் நின்றார். நிற்கும்போதெல்லாம் ஏரியைப் பார்ப்பதுபோல் நடித்தார். நானும் ஏரியைப் பார்த்தேன்.

வாசலில் அந்தத் தாய்லாந்துப் பெண் சிரித்துக் கும்பிட்டு எங்களைச் சொர்க்கத்துக்குள் கூட்டிப்போனார். சொர்க்கம் இன்னும் முடியவில்லை. வரைகிறவர் சூரிச்சில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரராம். லீவு நாளில் மட்டும் வருவாராம். நரகத்தைத்தான் முதலில் தொடங்கினாராம். சொர்க்கத்தின் சுவரில் பென்சில் கோடுதான் இருந்தது. மரங்கள், மேகங்கள், மரத்தடியில் முகம் போடாத ஆட்கள். அப்பா ஒவ்வொருவராகப் பார்த்தார். "இஞ்ச இன்னும் ஒருத்தரும் வந்து சேரேல்லைப் போல" என்றார்.

நரகம் முழுசாக முடிந்திருந்தது. நீளச் சுரங்கம், சிவப்பு விளக்குகள், இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் சீமெந்துப் பொம்மைகள். ஒவ்வொன்றின் அடியிலும் தாய்லாந்து மொழியிலும் ஜெர்மனிலும் ஒரு பலகை. எண்ணெய்ச் சட்டியில் நாலு பேர் வெந்துகொண்டிருந்தார்கள். சட்டிக்குக் கம்பிக் கூடையும் நீளக் கைபிடியும் இருந்தன. சமையல்காரர் தனக்குத் தெரிந்ததைத்தானே செய்வார். "உது எங்கட கன்டீனில உருளைக்கிழங்கு பொரிக்கிற சாமானெல்லோ" என்று அப்பா சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டு கனநாள். "என்ன எழுதியிருக்கு? வாசி பாப்பம்."

வாசித்தேன். குடித்து வீட்டைக் கெடுத்தவர்கள். "எங்கட ஆக்கள் சிலரைத் தேடினால் காணலாம்" என்றார். களவெடுத்தவர்கள், அவர்களின் கையைப் பூதங்கள் வாளால் அறுத்துக்கொண்டிருந்தன. மிருகங்களைக் கொன்றவர்கள், மனித உடம்பில் கோழித் தலை. அப்பா அதன் முன்னால் நின்று, தான் தின்ற கோழிகளுக்குக் கணக்கில்லை என்றார். ஒவ்வொரு பலகைக்கும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார், பல் வைத்தியரிடம் நின்ற மாதிரி, விசாக் கந்தோரில் நின்ற மாதிரி.

அடுத்த பொம்மை முழந்தாளில் இருந்தது. ஒரு பூதம் குறட்டால் அதன் நாக்கை இழுத்துக்கொண்டிருந்தது. நாக்கு நெஞ்சு வரைக்கும் வந்திருந்தது. பலகையில், தம்மை நம்பியவரிடம் பொய் சொன்னவர்கள் என்று எழுதியிருந்தது.

"இது?"

"களவெடுத்தவை" என்றேன்.

"களவுக்கு அங்க கையை வெட்டினவையெல்லோ?" கொஞ்சம் யோசித்தார். "சரி, அவையின்ர சமயத்தில வேற மாதிரியாக்கும்." அவ்வளவுதான். நம்பிவிட்டு அடுத்த பொம்மைக்கு நடந்தார்.

அவர் சந்தேகப்பட்டிருந்தால் நான் இன்னொரு பொய் சொல்லித் தப்பியிருப்பேன். எனக்காக ஒரு சமயத்தையே வளைத்துவிட்டுப் போகிறவரிடம் அது முடியவில்லை. "அப்பா, அது களவில்லை" என்றேன். "பொய் சொன்ன ஆக்கள்." பிறகு நிறுத்த முடியவில்லை. டொக்டர் சொன்னது என்ன, நான் சொன்னது என்ன என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். வாழ்க்கையில் முதல்தரம் சரியாக மொழிபெயர்த்தேன்.

அப்பா பொம்மைகளுக்கு முன்னால் போட்டிருந்த இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பின்னால் ஒரு குடும்பம் படம் எடுக்க வேண்டும், கொஞ்சம் விலக முடியுமா என்று கேட்டது. விலகி நின்றார்.

"எப்ப சொன்னவ?"

"மாசிக் கடைசி."

"மாசியில நான் பஸ்ஸுக்கு ஓடினனான்" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "கொம்மாவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"ஓம், அம்மாவுக்கும் தெரியும்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால், ஓங்கி ஒரு அறை தந்திருந்தால், அந்த இடத்திலேயே காலில் விழுந்திருப்பேன். வாசலில் அந்தப் பெண் வாழையிலையில் சுற்றிய இனிப்புச் சோறு தந்தார். அப்பா இரண்டு கையாலும் வாங்கி, மிகவும் வடிவான கோயில் என்று அவருடைய ஆலை ஜெர்மனில் சொன்னார். காரில் அந்தப் பொதியை மடியில் வைத்தபடி வந்தார். நாளைக்கே டிக்கெட் போடுகிறேன் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். "புதன்கிழமை டொக்டரைக் கேப்பம்" என்றார்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் எங்களுக்காக ஒரு தமிழ்ப் பெண் கோப்போடு காத்திருந்தார். மொழிபெயர்ப்பாளர். திங்கட்கிழமை அப்பாவே போன் எடுத்துக் கேட்டிருக்கிறார். எந்த ஜெர்மனில் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. "நீ இஞ்ச இரு, பிள்ளை" என்று கதிரையைக் காட்டிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. ஒன்பது வயதிலிருந்து அவர் நுழைந்த எந்த அறைக்கும் வெளியே நான் இருந்ததில்லை. வெட்கமாக இருந்தது. பயமாக இருந்தது. மூடின கதவுக்கு முன்னால் இருந்து, இன்னும் நேரம் இருக்கிறது என்று அந்த டொக்டர் சொல்லவேண்டும் என்று, பெயர் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன்.

அரை மணித்தியாலத்துக்குப் பிறகு முதலில் அந்த மொழிபெயர்ப்பாளர் வந்தார். என்னைப் பார்க்காமல் போனார். உள்ளே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது அவர்களுக்குச் சட்டம். அப்பா ஜக்கெட்டின் பொத்தானைப் போட்டபடி வந்தார். அவர் கையில் மருந்துச் சீட்டு எதுவும் இல்லை.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்துகொண்டு, "டொக்டர் என்ன சொன்னவ, அப்பா?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"புது மாத்திரை ஒண்டு தருவினமாம்" என்றார். "அக்காவிட்டக் கொஞ்சம் பொறுத்துப் போகச் சொல்லுறா."

"ஓம் அப்பா" என்றேன். "பொறுத்துப் போவம்."