ஜாமீன் கையெழுத்து

நெய்வேலிப் பள்ளிக்கூடத்தில் என் வேலை பர்மனென்ட் ஆன மாதமே ஒரு ஜாமீன் கேட்டு வந்தாள், எங்கள் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்த்தவள். கறவை மாடு வாங்க அவளுடைய ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் கடனுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். அவளும் புருஷனும் கூலிக்குப் பாடுபட்ட நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. நஷ்டஈடு நிலக்காரருக்குக் கிடைத்தது. புருஷனுக்குக் கிடைத்தது கான்ட்ராக்ட் வேலை. நிலம் இல்லாதவர்களுக்குச் சம்பளக்காரர் யாராவது ஜாமீன் நிற்க வேண்டும் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள்.

“வட்டிக்குக் குடுக்கறவரு நகை கேக்கறாருங்க. நான் எங்க போவேன்? நீங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா பொழச்சிக்குவோம் டீச்சரம்மா.”

என் கணவரிடம் கேட்டால் வேண்டாம் என்பார். சொல்லாமலே போய்க் கையெழுத்துப் போட்டேன்.

அன்றோடு என் நிம்மதி போயிற்று. மாடு வந்ததும் அவள் பாத்திரம் தேய்ப்பதை விட்டுவிட்டு, தினமும் காலையில் பால் கொண்டுவந்தாள். கொஞ்சம் தாமதமானாலும் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பேன். வந்ததும், “மாடு நல்லாத் தின்னுதா?” என்று கேட்பேன்.

“தின்னுதுங்க.”

சேத்தியாத்தோப்புப் பக்கம் மாடுகளுக்குக் கோமாரி நோய் பரவுகிறது என்று ஒருநாள் ஆசிரியர்கள் அறையில் பேச்சு. அதன்பின் எனக்குப் பாடம் ஓடவில்லை. மணி அடித்ததும் நேராக அவள் ஊருக்கு நடந்தேன்.

வீடு பூட்டியிருந்தது. கொட்டகையில் மாடு இல்லை.

“காலையிலயே குள்ளஞ்சாவடிக்கு ஓட்டிகினு போனாங்க” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அங்கே மாட்டுச் சந்தை உண்டு. விற்கத்தான் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. கணவர் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினார்.

மறுநாள் வழக்கமான நேரத்துக்குப் பால் வந்தது.

“நேத்து வூட்டாண்ட வந்தீங்களாமே. மாட்டு வாயில புண்ணு மாதிரி இருந்திச்சி. குள்ளஞ்சாவடி மாட்டு டாக்டருகிட்ட காட்டிகினு வந்தோம், ஒண்ணுமில்லன்னுட்டாரு.” பாலை ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள். “வித்துட்டோம்னு நெனச்சீங்களா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஆமா” என்றேன்.

அவள் பால் தூக்கை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அந்த மாதத்திலிருந்து தவணை கட்டிய ரசீதை என் முன்னால் நீட்டினாள். வேண்டாம் என்றாலும் விடமாட்டாள். நான் படித்து முடிக்கும்வரை நிற்பாள். கடைசித் தவணைவரை அப்படித்தான்.

பிறகு இரண்டாவது மாடு வாங்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். இந்த முறை சந்தேகப்படக் கூடாது என்று தீர்மானித்து, அவள் கேட்பதற்காகக் காத்திருந்தேன். வாரங்கள் போயின. பொறுக்காமல் நானே கேட்டேன்.

“ஜாமீன் எப்ப போடணும்?”

“அடுத்த பிளாக்கு நர்சம்மா போட்டுட்டாங்க டீச்சரம்மா” என்றாள், பாலை அளந்துகொண்டே.