நடீன் சொன்ன சாட்சி

நடீனும் நானும் பதினோரு வருடமாக ஒரே சலவை அறையில் வேலை பார்க்கிறோம். தெற்கு ஓஹையோவில், ஆற்றையொட்டிய சாலையில் உள்ள முதியோர் இல்லத்தின் கீழ்த்தளம் அது. படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். மடிக்க மடிக்க இருவரும் கிட்டே வருவோம். அவள் தன் கதையெல்லாம் அப்படித்தான், விரிப்புக்கு ஒரு வாக்கியமாக, என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அவளுக்கு இரண்டு பெண்கள். ஷெல்பிக்குப் பதின்மூன்று, மேசிக்கு ஏழு. புருஷன் டாயல், மேசி நடை பழகுவதற்குள் விட்டுவிட்டுப் போனவன். பிள்ளைகளுக்காக அவன் மாதம் நானூற்றுப் பன்னிரண்டு டாலர் தர வேண்டும் என்று கோர்ட் உத்தரவு. முதல் வருடம் தந்தான். பிறகு நிறுத்தினான். கூரை வேலைக்குப் போய்க் கையில் கூலி வாங்கிக்கொண்டதால் எந்தச் சம்பளத்திலும் பிடிக்க முடியவில்லை. நீதிபதி அவனுடைய டிரைவிங் லைசென்ஸை முடக்கினார். பிறகு முப்பது நாள் சிறையில் போட்டார். வெளியே வந்தபோது இருந்த கூரை வேலையும் போயிருந்தது.

"அவன உள்ள போட்டு எனக்கு என்னடி கெடச்சுது, ஓபல்?" என்றாள் நடீன். "அந்த முப்பது நாளும் அவனுக்கு மூணு வேளை சோறு. எங்களுக்கு அதுவும் இல்ல."

அவளுடைய அப்பா ஹார்லன் அவளோடுதான் இருந்தார். சுரங்கத்தில் கரி வெட்டிய மனிதர். நுரையீரல் போய், நாலு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். அவருடைய பென்ஷன் அவர் மாத்திரைக்கே சரியாகப் போனது. அவர்களுடைய தகர டிரெய்லர் வீட்டின் பின்னறையில் ஒரு கட்டில், ஒரு அலமாரி. அலமாரிக்குள் மான் சுடும் துப்பாக்கி.

அந்த ஜனவரியில் வீட்டைச் சூடாக்கும் கேஸ் தொட்டி காலியானது. பழைய பாக்கி இருந்ததால் கம்பெனிக்காரன் நிரப்ப மறுத்துவிட்டான். நடீன் கரண்டு அடுப்பின் கதவைத் திறந்து வைத்து சமையலறையை மட்டும் சூடாக்கினாள். பிள்ளைகள் மேஜைக்கடியில் படுத்தார்கள். மேசி நெஞ்சில் சளி கட்டி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கிருந்து நடீன் டாயலுக்கு போன் போட்டாள்.

"எங்கிட்ட என்ன இருக்கு? நீதான லைசென்ஸப் புடுங்க வெச்ச? போய் அந்த ஜட்ஜுகிட்டயே கேளு" என்று அவன் வைத்துவிட்டான். பக்கத்து நாற்காலியில் இருந்த ஹார்லனுக்கு அது முழுக்கக் கேட்டது. 

மேசி வீடு திரும்பிய மறுநாள், சனிக்கிழமை காலை. ஷெல்பி பாலில் சீரியல் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நடீன் யூனிஃபார்ம் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஹார்லன் துப்பாக்கியோடு பின்னறையிலிருந்து வந்தார்.

"எங்க கெளம்பிட்டப்பா?"

"டாயல்கிட்ட பேசிட்டு வரேன்."

"பேசறதுக்கு அது எதுக்கு?"

"வெறும் வாயால சொல்லி அவன் என்னைக்குக் கேட்டிருக்கான்?"

கதவு சாத்திக்கொண்டது. வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது. நடீன் மிச்சப் பொத்தானையும் போட்டாள். எட்டரைக்கு என்னோடு விரிப்பு மடிக்க வந்து நின்றாள்.  பத்து மணிக்கு போலீஸ்காரர்கள் வந்தார்கள்.

நண்பன் வீட்டுக் கராஜில் டாயல் குடியிருந்தான். வாசலில் நின்றிருந்த புது பிக்கப் வண்டி அந்த நண்பனுடையது. ஹார்லன் அதை டாயலுடையது என்று நினைத்துவிட்டார். "வண்டி வாங்கக் காசிருக்கா உனக்கு?" என்று கேட்டதை அக்கம்பக்கத்தார் கேட்டிருக்கிறார்கள். டாயல் சிரித்தான். அந்தச் சின்னது தனக்குப் பிறந்ததா என்றே தெரியாது என்றான். ஒரே குண்டு, அங்கேயே செத்தான். பிறகு கிழவர் படியிலேயே உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, போலீஸ் வரும்வரை காத்திருந்தார்.

துப்பாக்கி எப்போதும் வண்டியிலேயே கிடக்கும், பேச்சு முற்றிக் கை தவறிவிட்டது என்று ஹார்லனின் வக்கீல் வாதாட இருந்தார். அது நின்றால் சில வருடத்தில் வெளியே வந்துவிடலாம். ஆனால் முதல் நாளே ஷெல்பி, தாத்தா அலமாரியிலிருந்து எடுத்துப் போனார் என்று அழுதுகொண்டே ஒரு போலீஸ்காரரிடம் சொல்லியிருந்தாள். அரசு வக்கீல் அவளைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

நடீன் சிறைக்குப் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா போனை எடுத்தார்.

"புள்ளய கூண்டுல ஏத்துறாங்கப்பா."

"ஏத்தக் கூடாது."

"அப்போ நான்தான் சொல்லணும்."

ஹார்லன் கொஞ்ச நேரம் இருமினார். "உள்ளதச் சொல்லு. சுருக்கமாச் சொல்லு" என்றார்.

அவள் சொன்னாள். கோர்ட்டில் நானும் இருந்தேன். ஹார்லனின் வக்கீல் எழுந்து, "துப்பாக்கியோட போறாருன்னு பாத்தீங்க. தடுக்கலையே, ஏன்?" என்றார்.

 "எனக்கு எட்டரைக்கு வேலை" என்றாள் நடீன்.

கோர்ட் வாசலில் டாயலின் அம்மா வில்மா அவளை மறித்தாள். "பணம் வேணும்னு என்கிட்ட கேட்டிருக்கலாமேடி பாவி!"

"நாலு தடவ கேட்டேன், வில்மா" என்றாள் நடீன். சத்தம் போடவில்லை. வில்மா விலகி வழிவிட்டாள்.

ஹார்லனுக்குப் பதினெட்டு வருடம். இரண்டாவது குளிர்காலத்தில் சிறை ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். தடுக்காததற்காக நடீன் மேல் வழக்குப் போடலாமா என்று பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

அப்பா இறந்த பிள்ளைகளுக்கு அரசாங்கம் தரும் பணம் மாதாமாதம் வருகிறது. டாயல் முன்பு தொழிற்சாலையில் வேலை பார்த்த வருடங்களுக்கான கணக்கு அது. அவன் தர வேண்டியிருந்ததைவிட அதிகம். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அதை வைத்து ஊருக்குள் கதகதப்பான வீடாகப் பார்த்துப் போனார்கள். அப்பா அனுப்புகிறார் என்று மேசி பள்ளியில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஷெல்பி அதைத் திருத்துவதில்லை. அந்தப் பணத்தில் குளிருக்கு வாங்கிய கோட்டையும் அவள் போடுவதில்லை.

போன வாரம் விரிப்பு மடிக்கும்போது கேட்டேன், "தூங்குறியாடி?"

"தூங்குறேன்" என்றாள். "படுத்ததும் தூங்கிடறேன். அதான் எனக்கே புடிக்கல."